மைதானத்தின் அடிமண்

எங்கள் ஊரான வீலர்ஸ் பிளாட்டில் மரம் பதப்படுத்தும் ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வழி கேட்பவர்களுக்கு நாங்கள் இன்னும் "மில்லைத் தாண்டி இடது பக்கம்" என்றுதான் சொல்கிறோம். கொட்டகைகளைப் பிரித்து விற்றாயிற்று. சிமெண்ட் தளம் மட்டும் கிடக்கிறது. அதன் வெடிப்புகளில் காட்டுச் சோம்புச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்த பைன் கம்பங்களை ஒரு காலத்தில் அந்தத் தளத்தில்தான் சொட்டச் சொட்ட அடுக்கி வைப்பார்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த பச்சை மருந்து. அதில் ஊறிய மரத்தைக் கரையான் தொடாது; மண்ணில் நட்டால் ஒரு தலைமுறைக்கு மக்காது. இந்தப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் நிற்கும் கம்பங்களெல்லாம் அங்கே குளித்து வந்தவைதான்.

மில்லுக்குக் கீழே ஓடை வரை சரிந்து போகும் நிலம் ஃப்ளாவியா பெர்டோல்டியுடையது. அவளுடைய அப்பா இத்தாலியிலிருந்து வந்து புகையிலை போட்ட நிலம். புகையிலையை யாரும் வாங்காத காலம் வந்ததும் அவள் காய்கறிக்கு மாறினாள். பூண்டு, தக்காளி, குளிர்காலத்தில் சிவப்பும் வெள்ளையுமாக உருண்டு வரும் கசப்புக் கீரை. அந்தக் கீரைக்காகவே மெல்பர்ன் உணவகங்களிலிருந்து வண்டி வரும். எல்லாம் அவளுடைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தவை. ஊர்க் குழாய் மில்லின் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் குடிக்க மழைநீர்த் தொட்டி, வயலுக்கு ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர்.

மில் நிலத்தில் வயதானவர்களுக்கு வீடு கட்டலாம் என்று ஊர் நிர்வாகமான கவுன்சில் தீர்மானித்தபோதுதான் மண்ணைச் சோதிக்க ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். தளத்துக்கு அடியில் ஆர்சனிக் இருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஃப்ளாவியாவின் போரிலும் இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஊர் மைதானத்தில் எடுத்த மண்ணிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்ததாம். அதை வைத்து அவர்கள் எழுதிக் கொடுத்த முடிவு இதுதான்: இது தங்கம் எடுத்த பூமி. தங்கம் ஓடிய பாறையில் ஆர்சனிக்கும் ஓடும். எனவே இந்தச் சமவெளி முழுவதும் இயற்கையாகவே இப்படித்தான். மில் நிலத்தில் நல்ல மண்ணைக் கொட்டி மூடிவிட்டு வீடு கட்டலாம். ஃப்ளாவியாவின் போரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. நீரின் தன்மை இயற்கையானது. பயன்படுத்துவதும் விடுவதும் உரிமையாளரின் விருப்பம்.

அந்த வரியை அவள் சமையலறையில் நின்றபடி கணவன் டெஸ் ஹாலரனுக்கு வாசித்துக் காட்டினாள். இயற்கை என்றால் குற்றவாளி யாரும் இல்லை. போரை மூடிவிட்டு, கூடவே தோட்டத்தையும் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். மில்லிலிருந்து வந்தது என்று நிரூபணமானால் மில் நிலத்தை வாங்கிய கவுன்சில்தான் பொறுப்பு. குழாய் போட வேண்டும், மண்ணைத் திருத்தித் தர வேண்டும். அன்றே கீரைப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தினாள். உணவகங்களுக்குத் தானே போன் செய்து, மறுபடி சொல்லும் வரை வண்டி அனுப்ப வேண்டாம் என்றாள். பிறகு அரசாங்கம் நியமித்த சுற்றுச்சூழல் தணிக்கையாளருக்கு எழுதினாள். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. முதல் நிறுவனம் ஆர்சனிக்கை மட்டும்தான் அளந்திருக்கிறது, மேல் மண்ணை மட்டும்தான் எடுத்திருக்கிறது, வேறு ஆளை வைத்து இன்னொரு முறை பாருங்கள் என்று கவுன்சிலுக்குச் சொன்னார்.

அப்படி வந்த மண் ஆய்வாளர்தான் ப்ரோன்வின் ஏட்கின். ஐம்பதைத் தாண்டியவள். வெயிலில் புள்ளி விழுந்த கைகள், விளிம்பு தொங்கிப்போன தொப்பி, வண்டியின் பின்னால் ஐஸ் நிரப்பிய பெட்டிகள். வந்த முதல் நாளே ஊர் அவளை ப்ரோன் ஆக்கிவிட்டது.

ஃப்ளாவியாவின் போரில் அவள் மாதிரி எடுத்த விதம் வேடிக்கையாக இருந்தது. சிறிய பம்பை உள்ளே இறக்கி, பென்சில் பருமனுள்ள குழாய் வழியாகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு வாளியில் விட்டுக்கொண்டு, கையிலிருந்த மீட்டரைப் பார்த்தபடி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலைத் திறக்கவே இல்லை.

"எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்ப?" என்று ஃப்ளாவியா கேட்டாள்.

"குழாய்க்குள்ள நிக்கிறது பழைய தண்ணி. அது போய் மண்ணுக்குள்ளேருந்து புதுசு வரணும். வந்துட்டா இந்த நம்பர் ஆடாம நிக்கும்."

"நின்னப்புறம்?"

"அப்புறம்தான் பாட்டில்."

ஃப்ளாவியா ஒரு கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்தாள். இவள் அவசரப்படாத ஆள் என்பது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்க வேண்டும். கேட்க வேண்டியதை நேரடியாகவே கேட்டாள். "எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும் ப்ரோன். இது தங்கத்தோட வந்ததா, மில்லோட வந்ததா?"

"ஆர்சனிக் எங்கேருந்து வந்துச்சுன்னு தானா சொல்லாது. மில்லு வர்றதுக்கு முன்னாடி இந்த மண்ணுல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் பதில் சொல்ல முடியும்."

அதுதான் சிக்கலே. இந்தச் சமவெளியில் மில்லுக்கு முந்தைய, புரளாத மண் என்று ஒன்று அனேகமாக மிச்சமில்லை. தங்கம் தேடிய காலத்தில் மிதவை எந்திரங்கள் ஓடையோரம் முழுவதையும் வாரி, அரித்து, தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போயின. இப்போது மேலே கிடப்பது கூழாங்கல், அடியில் இருப்பது மேல்மண். மலைச்சரிவில் எடுக்கலாமென்றால் அங்கே வேறு பாறை. கவுன்சிலின் வக்கீல் ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிடுவார். எந்திரம் தொடாத ஒரே இடம் மைதானம். அது ஆரம்பத்திலிருந்தே குதிரைப் பந்தயத்துக்கும் பிறகு கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் என்று ஒதுக்கி வைத்த நிலம். அங்கே ஒருவரும் தோண்டியதில்லை, கட்டியதில்லை, ஒரு மூட்டை உரம்கூட வெளியிலிருந்து வாங்கிப் போட்டதில்லை என்று மைதானத்தை நடத்தும் கால்பந்து கிளப்பில் பெருமையாகச் சொல்வார்கள். முதல் நிறுவனம் அதைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை என்றாள் ப்ரோன். தானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பாளாம்.

ஆனால் அவளை ஏதோ உறுத்தியது. மில்லைச் சுற்றி அவள் போட்ட துளைகளில் ஒரு ஒழுங்கு இருந்தது. தளத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக ஆர்சனிக் குறைந்துகொண்டே வந்தது. சாலைக்கு வந்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாலையைக் கடந்தால் மைதானம். அங்கே திடீரென்று மறுபடி ஏறியிருந்தது. இயற்கை இப்படிச் சாலை பார்த்து நின்று, கடந்த பிறகு தொடராது என்று அவள் ஃப்ளாவியாவிடம் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமைகளில் கிளப்பில் சாப்பாடு உண்டு. பயிற்சி முடிந்து வரும் பையன்களுக்காக ஆரம்பித்தது. இப்போது பாதி ஊர் அங்கேதான் சாப்பிடுகிறது. டெஸ் கிளப்பின் தலைவன். அன்று கவுண்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ப்ரோனும் ஃப்ளாவியாவும் கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்து, தக்காளிச் சாறும் சீஸும் வழியும் கோழிப் பொரியலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரிக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்ற ஆசை டெஸ்ஸுக்கு எப்போதும் உண்டு. ஜன்னல் வழியாக மைதானத்தைக் காட்டி, கோடையிலும் கருகாத புல் இந்த லீக்கிலேயே இங்கே மட்டும்தான் என்றான். எப்படி என்று ப்ரோன் கேட்டாள். மரியாதைக்குத்தான் கேட்டாள்.

"சாம்பல்" என்றான் டெஸ். "எங்க நெருப்பப் பத்தி உன்கிட்ட யாரும் சொல்லலையா?"

எங்களுக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்தில் வரும் மூன்று நாள் விடுமுறையில் மைதானத்து நடுவில் நெருப்பு மூட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மற்ற ஊர்களிலும் மூட்டுவார்கள். ஆனால் எங்கள் நெருப்பைப் பார்க்க அந்த ஊர்க்காரர்கள் இங்கே வருவார்கள். மில் இருந்த காலம் முழுக்க, வெட்டிக் கழித்த கம்பத் துண்டுகளை முதலாளி கிளப்புக்கு இலவசமாகவே கொடுத்தார். வீடு உயரத்துக்கு அடுக்குவார்கள். பையன் வயதிலிருந்தே டெஸ்தான் அடுக்குவதில் கெட்டிக்காரன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவன் அடுக்கியது சரியாது.

"வேற ஊர்ல நெருப்பு மஞ்சளா எரியும். எங்களுது பச்சை. ஓரமெல்லாம் மயில் கழுத்து மாதிரி. பசங்க வாயப் பொளந்துட்டு நிக்கும்" என்றான் டெஸ். "மறுநாள் எல்லாரும் கூடிச் சாம்பல வாரி மைதானம் பூரா தூவிடுவோம். மிச்சத்த அவங்கவங்க வண்டில ஏத்திட்டுப் போயிடுவாங்க. மில்லு மூடற வரைக்கும் நடந்துச்சு. அதுக்கப்புறம் சாதா விறகுதான், சாதா நெருப்புதான். யாருக்கு வேணும் அது."

ப்ரோன் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தாள். ஃப்ளாவியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். பிறகு திரும்பிக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிடு ப்ரோன்" என்றாள் ஃப்ளாவியா. "இப்பவே சொல்லிடு. நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னா நம்ப மாட்டான்."

ப்ரோன் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நெருப்பு பச்சையாக எரிந்ததற்குக் காரணம் மருந்திலிருந்த செம்பு. மரம் எரிந்து போய்விடும், மருந்து போகாது. கொஞ்சம் புகையில் போகும், மிச்சமெல்லாம் சாம்பலில் தங்கும், மரத்தில் இருந்ததைவிடக் கெட்டியாக. அந்தச் சாம்பலைத்தான் முதல் நிறுவனம் இயற்கை மண் என்று அள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்று அவள் நினைக்கிறாள். ஆனால் அது நினைப்புதான். சாம்பலுக்குக் கீழே, யாரும் தொடாத மண்ணைத் துளைத்து எடுத்து செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் அளந்தால்தான் சொல்ல முடியும். அங்கே ஆர்சனிக் குறைவாக இருந்தால் இந்தச் சமவெளியின் உண்மையான அளவு அதுதான். அப்போது ஃப்ளாவியாவின் போருக்கு வந்தது மில்லிலிருந்துதான்.

டெஸ் கையிலிருந்த துணியால் கவுண்டரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "நான்தான் அடுக்கினேன்" என்றான்.

"மில்லுக்காரன்தான் கொடுத்தான்" என்றாள் ப்ரோன்.

"கொடுத்தான். அடுக்கினது நான்தான்."

அன்று இரவு வீட்டுக்குப் போனபோது நடந்ததை ஃப்ளாவியா பிற்பாடு சொன்னாள். கேட்டைத் திறக்க இறங்கிய டெஸ் திரும்பி வந்து ஜன்னலில் கைவைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். மைதானத்தில் துளை போட்டு அது சாம்பல் என்று எழுதிவிட்டால் அன்றே வேலி போட்டுவிடுவார்கள் என்றான். கால்பந்து சீசன் ஆரம்பிக்கப் போகிறது. அவள் தனக்குத் தெரியும் என்றாள். துளை போடாவிட்டால் தோட்டம் போய்விடும் என்று அவன் சொன்னான். அதற்கும் அவள் தனக்குத் தெரியும் என்றாள்.

மைதானம் கிளப்பின் குத்தகையில் இருக்கிறது. கிளப் கமிட்டி சம்மதிக்காமல் ப்ரோன் அங்கே ஆழமாகத் துளைக்க முடியாது. முதல் நிறுவனம் மேலாக ஒரு கரண்டி மண் எடுக்க மட்டும்தான் அனுமதி வாங்கியிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டி கூடியது. ஆறு பேர். டெஸ் தலைவன், லொரெய்ன் பக் செயலாளர், நெவ் கிரிக் பொருளாளர், இன்னும் மூன்று பேர். ஃப்ளாவியாவும் ப்ரோனும் கதவோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்ததால் சுவரோரம் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

நெவ் முதலில் பேசினான். ஆட்டுப் பண்ணைக்காரன், நீளமாகப் பேசுகிறவனில்லை. அன்று பேசினான். ஃப்ளாவியாமேல் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றான். ஆனால் மேல்பள்ளத்தாக்கில் இருந்த கிளப்பின் கதை எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தால் ஒரே ஒரு சீசன் விளையாடவில்லை. அந்தச் சீசனில் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுடைய பையன்களை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அணி சேரவில்லை. பிறகு வியாழக்கிழமைச் சாப்பாடு நின்றது, பிறகு கடை மூடியது, இப்போது அங்கே ஒரு பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. இந்தத் துளையைப் போடாதே என்று தான் சொல்லவில்லை. சீசன் முடிந்து செப்டம்பருக்குப் பிறகு போடட்டும் என்றான். இத்தனை வருடம் புல்லில் உருண்டவர்கள் இன்னும் ஒரு சீசன் உருண்டால் என்ன ஆகிவிடும்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சுவரோரத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செப்டம்பர் வரை கவுன்சில் காத்திருக்காது, பழைய அறிக்கையை வைத்து அடுத்த மாதமே முடிவெடுத்துவிடும் என்று ப்ரோன் எழுந்து சொன்னாள். அப்புறம் அந்த அறிக்கையை அசைப்பது கடினம்.

ஓட்டெடுப்பதற்கு முன்னால் லொரெய்ன் கிளப் விதியை நினைவுபடுத்தினாள். ஒரு விஷயத்தில் சொந்த லாப நஷ்டம் இருப்பவர் அதில் ஓட்டுப் போடக்கூடாது, அறையில் இருக்கவும் கூடாது. அவள் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. டெஸ் ஏற்கெனவே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"நியாயம்தான்" என்றான். "என் பொண்டாட்டி தோட்டம்."

அவன் வெளியே போனால் என்ன ஆகும் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். மீதி ஐந்து பேரில் நெவ்வையும் சேர்த்து மூன்று பேர் துளையைத் தள்ளிப்போடும் பக்கம்.

ஃப்ளாவியா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "டெஸ் போகட்டும். நான் தடுக்கல" என்றாள். "ஆனா லொரெய்ன், அந்த விதிய முழுசாப் போடு. சாம்பல வீட்டுக்கு ஏத்திட்டுப் போனவங்க யாரும் இந்த ரூம்ல இருக்கக் கூடாது."

அவள் நெவ்வின் பக்கம் திரும்பினாள்.

"நெவ், உன் காய்கறிப் பாத்தில எத்தனை ட்ரெய்லர் கொட்டின? உங்கம்மா ரோஜாவுக்கு வேற."

நெவ் தலையைச் சொறிந்தான். "பூசணி அதுல எப்படி வந்துச்சு தெரியுமா" என்றான் மெதுவாக. நகைச்சுவையாகத்தான் சொன்னான், ஆனால் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் குரல் இறங்கிவிட்டது.

லொரெய்ன் பேனாவை மூடினாள். "என் கோழிங்க அந்தச் சாம்பல்லதான் குளிக்குது" என்றாள். கோழிகள் பேன் போகச் சாம்பலில் புரளும். அவள் கொட்டகை மூலையில் அதற்கென்றே ஒரு குவியல் வைத்திருந்தாள். மில்லின் கடைசி நெருப்பில் அள்ளியது, இன்னும் தீரவில்லை. "எங்க பேரப் பசங்களுக்கு வாரா வாரம் முட்டை கொடுத்து அனுப்புறேன். ப்ரோன், அது முட்டைக்குள்ள போகுமா?"

"போகலாம். சோதிக்காம நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப சோதி."

"அது வேற சோதனை, லொரெய்ன். முதல்ல சாம்பல்ல என்ன இருக்குன்னு தெரியணும். அதுக்கு மைதானம்தான்."

இதுவரை இது ஃப்ளாவியாவின் போர் பற்றிய விஷயமாக இருந்தது. அவளுக்கு உதவுவதா, கிளப்பைக் காப்பாற்றுவதா என்று ஊர் ஒரு வாரமாகத் தராசு பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொருவரும் தன் கொல்லைப்புறத்துக்கு மனதால் போய் வந்தார். அவரைப் பந்தல் எங்கே, குழந்தை மணல் அள்ளி விளையாடுகிற இடம் எங்கே, சாம்பலை எந்த வேலியோரம் கொட்டினோம். சுவரோரம் நின்ற ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்த் தன் வீட்டுக்குப் போன் செய்தாள்.

டெஸ் வெளியே போகவில்லை. போகச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை என்று ஆகிவிட்டது. விதியை ஒத்திவைக்கிறோம், எல்லோருக்கும் சம பங்கு இருப்பதால் எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்று லொரெய்ன் எழுதிக்கொண்டாள். நெவ் உட்பட எல்லோரும் கைதூக்கினார்கள். அவன் கை கடைசியாக, முழங்கை மடங்கியபடி எழுந்தது.

மறுநாள் காலை ப்ரோன் கைத்துளைப்பானைக் கொண்டுவந்தாள். முனையில் திருகு வைத்த நீண்ட இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. நெருப்பு மூட்டிய இடத்தை டெஸ் காட்டினான். பிறகு சாம்பல் தூவிய திசைகளை நடந்தே காட்டினான். துளைப்பதற்கு இன்னொருவரின் பலம் தேவைப்பட்டது. அவனே பிடியைப் பிடித்தான். முதலில் புல்வேர் வந்தது. அடுத்து, ஒரு கையகல ஆழத்துக்கு, சாம்பல் நிறத்தில் கரித்துணுக்கு மின்னும் அடுக்கு. அது எத்தனை குளிர்கால நெருப்பு என்று டெஸ்ஸுக்குத் தெரியும். அதற்கும் கீழே கோடு போட்டதுபோல் மாறியது. மஞ்சள் களிமண், சுத்தமாக, பிசுபிசுவென்று.

"இதுதான்" என்றாள் ப்ரோன். கையுறையை மாற்றிக்கொண்டு, கருவியைக் கழுவிவிட்டு, அந்த மஞ்சள் மண்ணைக் கண்ணாடிச் சீசாவில் அடைத்தாள்.

அவள் நிமிர்ந்தபோது வேலியோரம் ஒரு வரிசை நின்றது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். ஐஸ்கிரீம் டப்பாவில், முட்டைப் பெட்டியில், ஒருவர் பீர்க் குவளையில். சிலர் மூடியின்மேல் பெயரும் இடமும் எழுதியிருந்தார்கள். ப்ரோன் அவர்களிடம், இது இப்படி நடக்கிற வேலை இல்லை, மண்ணை அந்தந்த இடத்தில் தான் வந்து எடுக்க வேண்டும் என்று விளக்கினாள். யாரும் போகவில்லை. கடைசியில் வண்டியின் பின் கதவில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் வருவதாகச் சொன்னாள். சொன்னபடி வந்தாள்.

முடிவு வர ஒரு மாதம் ஆயிற்று. மைதானத்தின் மஞ்சள் மண்ணில் ஆர்சனிக் சொல்லத்தக்க அளவு இல்லை. அதற்கு மேலிருந்த சாம்பல் அடுக்கில் மூன்றும் இருந்தன, மில் தளத்தில் இருந்த அதே விகிதத்தில். ஃப்ளாவியாவின் போரில் இருந்தது தங்கத்தோடு வந்ததில்லை. தணிக்கையாளர் ஒப்புக்கொண்டார். முதியவர்களுக்கான வீடுகளைக் கவுன்சில் வேறிடத்துக்கு மாற்றியது. ஊர்க் குழாயை மில் வாசலிலிருந்து ஃப்ளாவியாவின் கேட் வரை நீட்டியது. மைதானத்தைச் சுற்றி ஆரஞ்சு வலை கட்டினார்கள். அந்தச் சீசன் முழுவதும் எங்கள் பையன்கள் பக்கத்து ஊர் மைதானத்தைக் கடன் வாங்கி விளையாடினார்கள். இரண்டு பேர் அங்கேயே சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் சேரவில்லை. லொரெய்ன் தன் கோழிகளை விற்கவும் மனமில்லாமல், வெட்டவும் மனமில்லாமல், முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளாவியா ஜெயித்தாள் என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். போர்த் தண்ணீர் இத்தனை வருடம் பாய்ந்த மண்ணில் ஆர்சனிக் தங்கிவிட்டிருந்தது. தக்காளிப் பழத்தில் அவ்வளவாக ஏறவில்லை, கீரையில் ஏறியிருந்தது. கீரைப் பாத்திகளின் மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் அப்பா புகையிலைத் தண்டையும் திராட்சைச் சக்கையையும் வருடா வருடம் புதைத்துப் புதைத்துக் கறுப்பாக்கிய மண். பதிலுக்கு எங்கிருந்தோ சிவந்த மண் வந்தது. சான்றிதழோடு வந்தது, ஒரு மண்புழுகூட இல்லாமல் வந்தது.

"தண்ணி வந்துருச்சு. மண்ணு போயிருச்சு" என்றாள் அவள் ப்ரோனிடம், கடைசி முறை அவள் வந்தபோது. "மறுபடி மண்ணு ஆக எத்தனை வருஷம் ஆகும்?"

அது தன் படிப்பில் இல்லை என்றாள் ப்ரோன். மாதிரி எடுக்கும் காலிச் சீசாக்கள் கொஞ்சத்தை, எப்போதாவது தேவைப்படும் என்று, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, கேட்டருகே ஒரு ட்ரெய்லர் நின்றது. ஆட்டுப் புழுக்கை, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய கம்பளி வெட்டும் கொட்டகைக்கு அடியிலிருந்து வாரியது, நன்றாக மக்கிப் பொடிந்தது. இந்த ஊரில் அதைவிட நல்ல உரம் கிடையாது. யாரும் சும்மா கொடுக்கவும் மாட்டார்கள். நெவ் வண்டியை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதில்லை.

"எங்க கொட்டணும்?" என்று மட்டும் கேட்டான்.

ஃப்ளாவியா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சீசாவும் கரண்டியும் இருந்தன. ட்ரெய்லரில் ஏறி, மேலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பினாள்.

நெவ் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "என் ஆட்டு மேல சந்தேகமா?"

"ஆட்டு மேல இல்ல நெவ். அந்தக் கொட்டகைத் தூணெல்லாம் எந்த மரம்?"

அவன் வண்டியில் சாய்ந்துகொண்டு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கொட்டகை இங்கிருந்து தெரிவதுபோல அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா போட்டது" என்றான். "மில்லு மரம்தான்."

ஃப்ளாவியா சீசாவை மூடி, அதன்மேல் அவன் பெயரை எழுதினாள். ட்ரெய்லரை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். முடிவு வரும் வரை மழை படாமல் மூடி வைப்பதாகவும் சொன்னாள். நெவ் கொக்கியைக் கழற்றினான். தார்ப்பாயை விரிக்க அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், அவன் மறு முனையைப் பிடித்துக்கொண்டான்.